தர்மத்துக்கும் ஒரு சுற்றறிக்கை

கொரோனா காலத்தில் கம்பெனிகள் அள்ளிக் கொடுத்தன என்கிறோம். உண்மைதான், விப்ரோவும் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையும் சேர்ந்தே 1,125 கோடி ரூபாய் அறிவித்தன. ஆனால் 2020 ஏப்ரலில் மத்திய அரசு தந்த விளக்கம் ஞாபகம் இருக்கிறதா? பெரிய கம்பெனிகள் லாபத்தில் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டிய 2 சதவீத சமூகப் பொறுப்புப் பணத்தை (சிஎஸ்ஆர்), பிரதமர் தலைமையிலான நிவாரண நிதியான பிஎம் கேர்ஸுக்குக் கொடுத்தால் கணக்கில் சேரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராது! மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு என்றால் சேருமாம். என்ன கணக்கோ.

பொதுமுடக்கத்தில் தினக்கூலிக்காரருக்குக் கொடுத்த சம்பளத்தைத் தர்மக் கணக்கில் எழுத முடியாது, அது முதலாளியின் கடமை என்றதும் அதே விளக்கம்தான். அதற்குக் கைதட்டலாம். அப்புறம் ஆகஸ்டில், மருந்துக் கம்பெனிகளின் கொரோனா தடுப்பூசி ஆராய்ச்சிச் செலவையும் மூன்று நிதியாண்டுகளுக்கு இந்த 2 சதவீதக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.