வைகாசியில் வற்றாத வாய்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்கு மே மாதம் முழுவதும் தண்ணீர் லாரிதான் குலதெய்வம். எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் குடத்தோடு ஓட வேண்டும், வராவிட்டால் வேண்டிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு காலையில் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அத்தை சொன்னார்: “அந்தரகங்கைக்குப் போய் வரலாம் கண்ணு. அங்கே பசவன், அதுதான் கல் நந்தி, அவன் வாயில் இப்போதும் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.”

அத்தை கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்தக் குடும்பம் பெங்களூருக்கு வந்தது. அந்தரகங்கை ஊற்று இருக்கும் கோலார் மலை அவருடைய சிறு வயதுத் தீர்த்த யாத்திரை. வெயில் தணியட்டும், கார்த்திகையில் போகலாமே என்றேன். “மழைக்காலத்தில் எந்தப் பாறையும்தான் ஒழுகும். கத்திரி முடிந்த பிறகும் ஒழுகினால் அது கங்கை” என்றார். அதற்கு மேல் என்ன பேச?

பழைய மெட்ராஸ் சாலையில் கே.ஆர்.புரம், ஹொசகோட்டே தாண்டும் வரை நகரம் விடாமல் கூடவே வந்தது. அப்புறம்தான் செம்மண் தெரிந்தது. உழுது போட்டு மழைக்குக் காத்திருக்கும் கேழ்வரகுக் காடுகள், தக்காளிக் கூடைகள், நிழலில் அசைபோடும் சீமைப்பசுக்கள். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. நந்தி மலையில் பிறக்கும் பாலாறு இந்த வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குப் போகிறது. பெரும்பாலான நாட்களில் அது வெறும் மணல்தான். ஆனால் அன்று வழியில் ஓர் ஏரி நிறைந்து கிடந்தது. அத்தைக்கு ஆச்சரியம். கடைசி வெயிலில் ஏது இவ்வளவு தண்ணீர்?

பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியாகக் கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018-இல் தொடங்கியது. கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் அனுப்புவது அதன் இலக்கு. இதைச் சொன்னதும் அத்தை முகத்தைச் சுளித்தார். “நாம் குளித்த தண்ணீரா?” கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தவர், “சரி, காசியில் மட்டும் என்னவாம்” என்று தானே முடித்துக்கொண்டார்.

கோலார் ஊரிலிருந்து ஆட்டோவில் சிறிது தூரத்தில் மலையடிவாரம். நூறு சிகரம் என்று பொருள்படும் சதசிருங்க மலை. மலை என்றால் பச்சையை நினைத்துவிட வேண்டாம். யானைக் கூட்டம் படுத்திருப்பது போல உருண்டைப் பாறைகள், இடையிடையே முள்ளும் சீத்தாச் செடியும். அத்தை படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். தொண்ணூற்றுச் சொச்சத்தில் ஒரு குரங்கு வந்து பூஜைப் பையைப் பிடித்து இழுத்ததில் எண்ணிக்கை தவறிவிட்டது. தேங்காய் தப்பித்தது, வாழைப்பழம் போயிற்று. “அனுமாருக்கு முதல் நைவேத்தியம்” என்று அவர் சமாதானம் சொன்னார். எனக்கென்னவோ அது வழிப்பறியாகத்தான் பட்டது.

மேலே காசி விஸ்வேஸ்வரர் கோயில். அதை ஒட்டிய குளத்தில் கல் பசவன். அவன் வாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. ஆனால் அறாத இழை. கல் உதட்டில் நீர் படும் இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து, அதன் கீழே பாசி பச்சை மீசைபோல வளர்ந்திருந்தது. அத்தை இரண்டு கைகளையும் ஏந்தினார். உள்ளங்கை நிறைவதற்குள் விரலிடுக்கில் பாதி வழிந்தது. குடித்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், மிச்சத்தை முழங்காலில் தடவிக்கொண்டார். அந்த முழங்காலுக்கு அவர் பார்க்காத வைத்தியமில்லை. நானும் குடித்தேன். பானைத் தண்ணீர் போன்ற குளிர்ச்சி, நாக்கில் கொஞ்சம் கல் ருசி. பாறை இடுக்குகளில் தங்கிய மழைநீர் கசிந்து வருகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியும். அப்போது சொல்லத் தோன்றவில்லை. கொண்டுவந்த பாட்டில் நிறைய வெகுநேரம் ஆயிற்று. பின்னால் நின்ற யாரும் அவசரப்படுத்தவில்லை.

மதியம் சீனிவாசபுரம் சாலையில் உறவினர் தோட்டம். அந்தப் பக்கமே மாம்பழ நாடு. கிளிமூக்கு கூழ் ஆலைக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு என்று வைக்கோலில் ரஸ்புரி வைத்திருந்தார்கள். களி உருண்டையைக் கீரைச் சாற்றில் தோய்த்து மெல்லாமல் விழுங்கியானதும் பழம் வந்தது. ரஸ்புரியைக் கத்தியால் நறுக்குவது பாவம் என்பது அத்தையின் கட்சி. பழத்தை உள்ளங்கையில் உருட்டி உருட்டிக் குழைத்து, காம்பைக் கிள்ளி, முதலில் வரும் பாலைப் பிதுக்கிக் கீழே விட வேண்டும். இல்லாவிட்டால் உதடு வெந்துவிடும். பிறகு அந்த ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்ச வேண்டியதுதான். அறுபத்தெட்டு வயதில் முழங்கை வரை சாறு வழிய அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து வீட்டுக் குழந்தைகள் சிரித்தன. புளியமர நிழலில் கயிற்றுக் கட்டில். ஒரு மணி நேரம் ஒன்றுமே செய்யவில்லை. நான்கைந்து வருடங்களில் அப்படி ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்ததாக ஞாபகம் இல்லை.

சாயங்காலம் கோலாரம்மா கோயில். சோழர் காலத்தில் இந்த ஊர் நிகரிலிச்சோழ மண்டலத்துக் குவளாலம். அம்மனைக் கல்வெட்டுகள் பிடாரியார் என்கின்றன. முன்பு செங்கல்லாக இருந்த கோயில் ராஜேந்திர சோழன் காலத்தில் கற்றளி ஆயிற்று. சுவரெல்லாம் தமிழ். தங்கவயல் பள்ளியில் தமிழ் படித்த அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகத் தேடினார். ஒரு ‘ட’வும் ஒரு ‘ப’வும் பிடிபட்டன. “ஆயிரம் வருஷத்துக்கு இது போதும்” என்றார்.

பக்கத்துக் கருவறையில் தேள் அம்மன் சேளம்மா. கோடை முடிந்து கல்லைப் புரட்டும் காலம் தேள் வெளியே வரும் காலம். காட்டு வேலைக்கு இறங்குமுன் வேண்டிக்கொள்ள வந்தவர்கள் போல இரண்டு பெண்கள் மண் காயாத கால்களோடு நின்றார்கள். தரைக்குள் குடைந்த பழைய உண்டியலில் அத்தை ஒரு நாணயத்தை நழுவவிட்டு, அது விழும் சத்தத்துக்குக் காது கொடுத்தார்.

வெளியே வரும்போது முதல் தூறல். சூடேறிய கல் தளத்திலிருந்து ஆவி கிளம்பியது. யாரும் ஓடி ஒதுங்கவில்லை, நாங்களும்தான்.

வீடு திரும்ப ஒன்பதரை. லாரி வந்து போயிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்கும் இரண்டு குடம் பிடித்துத் திண்ணையில் வைத்திருந்தார். அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் பாட்டிலைத் திறந்து, இரண்டு குடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார்.