மிசௌரி ஆத்தங்கரையில ஒரு சிலை, சிலையில இல்லாத யார்க்

அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல இருக்கற செயின்ட் லூயிஸ் வர்றவங்க எல்லாரும் கேட்வே ஆர்ச்ங்கற அந்தப் பெரிய வளைவைப் பாத்துட்டு, மேல ஏறி போட்டோ எடுத்துட்டு கிளம்பிடறாங்க. அங்கேருந்து கார்ல அரை மணி நேரம் போனா செயின்ட் சார்ல்ஸ்னு ஒரு பழைய ஊர் இருக்கு, அதுல மிசௌரி ஆத்தை ஒட்டியே ஃப்ரான்டியர் பார்க். அம்மா ஊர்லேருந்து வந்திருந்தாங்க, அவங்களுக்கு எங்க போனாலும் ஆத்தங்கரைன்னா போதும், அதனால இந்தத் தடவை அங்க கூட்டிட்டுப் போனேன்.

1804 மே மாசம் லூயிஸ், கிளார்க்னு ரெண்டு ராணுவ அதிகாரிங்க தலைமையில போன பயணம் இந்தக் கரையிலேருந்துதான் மேற்கே கிளம்புச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான் அப்ப அதிபரா இருந்த ஜெஃபர்சன் ஃப்ரான்ஸ்கிட்ட இருந்து லூசியானா நிலப்பரப்பை 15 மில்லியன் டாலருக்கு வாங்கியிருந்தார், வாங்கின இடத்துல என்ன இருக்கு, பசிபிக் கடல் வரைக்கும் தண்ணி வழியாவே போக முடியுமானு பாத்துட்டு வாங்கன்னு அனுப்பினாரு. (அந்த நிலத்துல காலங்காலமா வாழ்ந்துட்டிருந்த பழங்குடி மக்கள்கிட்ட யாரும் கேக்கல, அது தனிக்கதை.) கிளார்க் ஆளுங்களோட மே 16 அன்னிக்கே இங்க வந்து சேந்துட்டாரு, செயின்ட் லூயிஸ்ல வேலையா இருந்த லூயிஸ் 20ஆம் தேதி மழையில நனைஞ்சுட்டே வந்தாரு, 21 மத்தியானம் கிளம்பிட்டாங்க. அப்ப இது நூறு வீடு இருந்த ஃப்ரெஞ்சுக்காரங்க கிராமம். நடுவுல இருந்த அந்த சில நாள்ல ஊர்க்காரங்க வச்ச டான்ஸ்ல இவங்க குழுவுல ஒருத்தன் தகராறு பண்ணியிருக்கான், அனுமதி இல்லாம வெளிய சுத்தியிருக்கான், ராணுவ விசாரணை வச்சு 50 கசையடி குடுத்திருக்காங்க, அவன் பேரு ஜான் காலின்ஸ். அப்புறம் அவன் பயணம் முழுக்க கூடவே போய் திரும்பியும் வந்தான்.

பார்க்குக்குப் பக்கத்துலயே ஒரு போட் ஹவுஸ் மியூசியம் இருக்கு, அவங்க போன படகுங்களை அதே சைஸ்ல செஞ்சு கீழ வச்சிருக்காங்க. இதைப் பாக்காம வந்துடாதீங்க. பெரிய படகு, கீல்போட்னு சொல்றது, 55 அடி நீளம். புத்தகத்துல 55 அடின்னு படிச்சா ஒண்ணும் தோணாது, பக்கத்துல நின்னு பாத்தாத்தான் இதையா ஆத்துக்கு எதிர்ல கொண்டு போனாங்கன்னு வாயடைச்சுப் போகுது. காத்து சாதகமா இருந்தா பாய், இல்லன்னா துடுப்பு, தண்ணி ஆழம் இல்லாத இடத்துல கழி ஊன்றி தள்ளறது, அதுவும் முடியலன்னா கரையில இறங்கி கயிறு கட்டி இழுக்கறது. "தேர் வடம் பிடிக்கற மாதிரியா?"ன்னு அம்மா கேட்டாங்க, ஆமா, ஆனா சேத்துல, கொசுக்கடியில, இடுப்பளவு தண்ணியில. ஒரு நாள் முழுக்க இழுத்தும் நல்லாப் போனா 15 மைல். அப்படியே இன்னிக்கு நார்த் டகோட்டால இருக்கற மாண்டன் பழங்குடி கிராமங்கள் வரைக்கும், கிட்டத்தட்ட 1,600 மைல் இழுத்திருக்காங்க. திரும்பி வரும்போது ஆத்தோட போக்குலயே வந்ததால சில நாள் 70 மைலுக்கு மேல வந்திருக்காங்க. வெளிய வந்து அந்த மண் கலர் தண்ணி, அதுல மரக்கட்டையெல்லாம் மிதந்து வர்ற வேகத்தைப் பாத்தப்பதான் எனக்கு 15, 70ங்கற அந்த ரெண்டு நம்பரும் உறைச்சுது.

இப்ப சிலைக்கு வரேன். பார்க் நடுவுல 15 அடி வெண்கலச் சிலை, லூயிஸ், கிளார்க், கூட லூயிஸோட நாய் சீமன். நல்ல சிலை, குறை சொல்ல முடியாது, பசங்க எல்லாம் அந்த நாயைத்தான் தொட்டுத் தொட்டுப் பாக்குதுங்க. சீமனும் பயணம் முழுக்கப் போன நாய்தான், லூயிஸ் 20 டாலர் குடுத்து வாங்கினது. ஆனா யார்க் இல்லையே. எனக்கு அங்க நின்னப்ப அது மட்டும்தான் மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

யார்க் கிளார்க்கோட அடிமை. கிளார்க்கோட அப்பா உயில்ல சொத்தோட சொத்தா எழுதி வச்சு கிளார்க்குக்கு வந்தவர், சின்ன வயசுலேருந்து கூடவே இருந்தவர். பசிபிக் வரைக்கும் போய் திரும்பின முதல் கறுப்பினத்தவர்கள்ல ஒருத்தர். துப்பாக்கி எடுத்து வேட்டையாடினாரு, எல்லாரோடவும் சேந்து படகு இழுத்தாரு, சார்ஜென்ட் ஃப்ளாயிட் வயித்து வலியில சாகக் கிடந்தப்ப பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாரு (மொத்தப் பயணத்துல செத்தது ஃப்ளாயிட் ஒருத்தர்தான், குடல்வால் அழற்சியா இருக்கும்னு இப்ப சொல்றாங்க). 1805 நவம்பர்ல பசிபிக்ல கலக்கற கொலம்பியா ஆத்து முகத்துவாரத்துல குளிர்காலத்துக்கு எங்க தங்கறதுன்னு எல்லாரோட கருத்தையும் கேட்டு எழுதினப்ப யார்க்கோட கருத்தையும் எழுதியிருக்காங்க, மொழிபெயர்க்கக் கூட வந்த பழங்குடிப் பொண்ணு சக்காஜவியாவோடதையும். கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமைன்னு அமெரிக்க அரசியலமைப்புல வந்தது 1870லதான்.

1806 செப்டம்பர் 21, ஒரு ஞாயித்துக்கிழமை, இதே கரைக்குத் திரும்பி வந்தாங்க. செத்தே போயிட்டாங்கன்னு நினைச்சிருந்த ஊர் ஜனம் ஆத்தங்கரையில நடந்துட்டிருந்தவங்க அப்படியே ஓடி வந்திருக்காங்க. அப்புறம் சிப்பாய்களுக்கு ரெட்டைச் சம்பளமும் ஆளுக்கு 320 ஏக்கரும் கிடைச்சுது. யார்க்குக்கு ஒண்ணும் இல்ல. சக்காஜவியாவுக்கும் இல்ல, அவங்க புருஷனுக்குத்தான் பணம் போச்சு. கென்டக்கி மாநிலத்து லூயிவில்ல இருந்த மனைவி பக்கத்துல இருக்கணும்னு யார்க் கேட்டிருக்கார், கிளார்க் ஒத்துக்கல, யார்க்கை அடிச்சதையும் தன் அண்ணன் ஜோனதனுக்கு கிளார்க்கே கடிதத்துல எழுதியிருக்காரு. விடுதலை குடுக்க இன்னும் பல வருஷம் ஆச்சு. இதைப் படிச்சதுக்கப்புறம் அந்த வெண்கல முகத்தை என்னால பழைய மாதிரி பாக்க முடியல. கிளார்க் தைரியசாலி, திறமையா மேப் வரைஞ்சவர், அதெல்லாம் நிஜம். இதுவும் நிஜம். ரெண்டையும் ஒரே இடத்துல சொல்லணும்னு நான் உறுதியா நினைக்கறேன், அதுவும் பள்ளிக்கூடப் பசங்க வந்து பாக்கற இடத்துல.

2001ல அப்ப அதிபரா இருந்த க்ளின்டன் யார்க்குக்கு கௌரவ சார்ஜென்ட் பட்டம் குடுத்தாரு. லூயிவில்ல ஒஹையோ ஆத்தைப் பாத்த மாதிரி 2003ல யார்க்குக்குத் தனியா சிலையும் வச்சிருக்காங்க. செயின்ட் லூயிஸ்லேருந்து நாலு மணி நேர டிரைவ்தான், அம்மா ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள போயிடணும்னு இருக்கேன்.

நீங்க ஃப்ரான்டியர் பார்க் போறதா இருந்தா மே மாசம் போங்க, அப்ப அந்தக் காலத்து டிரஸ்ல கூடாரம் எல்லாம் போட்டு விழா நடத்துவாங்க. கேட்டி டிரெயிலும் பார்க் வழியாவே போகுது, பழைய ரயில் பாதையை சைக்கிள் பாதையா மாத்தினது, ரொம்ப தூரம் ஆத்தை ஒட்டியே போகும், சைக்கிள் இருந்தா எடுத்துட்டுப் போங்க. முதல்ல போட் ஹவுஸ், அதுக்கப்புறம் சிலை, அந்த வரிசையில பாருங்க.