கோலமாவில் போட்ட 60 மீட்டர்: முதல் வெளிநாட்டு டிரெஸ்ஸாஜ் போட்டிக்குப் போகிறவர்களுக்கு

டிரெஸ்ஸாஜ் என்றால், குறித்துக் கொடுத்த அசைவுகளைக் குதிரையில் ஏறிச் செய்துகாட்டி மதிப்பெண் வாங்கும் போட்டி. கோவையில் நான் குதிரை ஏறக் கற்ற மைதானம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சர்வதேசப் போட்டி மைதானம் 60-க்கு 20. இந்த 20 மீட்டர் வித்தியாசம் என் முதல் வெளிநாட்டுப் போட்டியில் என்னைக் கவிழ்த்தது. எப்படி என்று வரும் இடத்தில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு 17 வயது. ஜூனியர் பிரிவு, அதாவது 14 முதல் 18 வரை. போட்டி ஜெர்மனியின் வடபகுதியில். குதிரை என்னுடையது இல்லை, குத்தகைக்கு எடுத்தது. நம் ஊரில் பழகிய குதிரையைக் கூட்டிப்போகலாம் என்று யாராவது கனவு கண்டால் இப்போதே கலைத்துக்கொள்ளுங்கள். குதிரை நோய்கள் தொடர்பான விதிகளால் இந்தியாவிலிருந்து குதிரையை நேராக ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக வழியில்லாமல் இருந்தது. 2025-ல் மீரட்டில் உள்ள ராணுவ மையத்தை நோயற்ற வளாகமாக உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டது; இனிமேல் நிலைமை மாறலாம். அதுவரை அங்கேயே போய், அங்குள்ள குதிரையில் ஏறி, அங்கேயே பழக வேண்டியதுதான். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கித் தந்த நம் டிரெஸ்ஸாஜ் அணியினரும் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்களே.

எனக்குக் கிடைத்தது 16 வயதுப் பழுப்புக் குதிரை. என்னைவிட ஒரே ஒரு வயது சின்னவன், ஆனால் அனுபவத்தில் தாத்தா. நானும் தாத்தா என்றே கூப்பிட்டேன். அவனுக்குத் தெரியாத பாடம் எதுவும் இல்லை. நான் தப்பாகக் கேட்டால் தப்பாகவே செய்து காட்டுவான், அதிலும் நேர்மை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேசப் போட்டிக்கு நீங்களாகப் பெயர் கொடுக்க முடியாது; நம் நாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனம் வழியாகவே போக வேண்டும். ஏறுபவருக்கும் குதிரைக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம். புதுக் குதிரையோடு பழகும் காலத்தையும் அந்த 90-க்குள் அடக்கிக் கணக்குப் போடுங்கள். நான் போட்டிக்கு முன் ஆறு வாரம் ஒதுக்கினேன். எட்டு வாரமாவது ஒதுக்கியிருக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். டிரெஸ்ஸாஜ் பார்க்கிறவர்களுக்கு நடனம் மாதிரி தெரியும். ஏறுகிறவர்களுக்கு அது பொதுத்தேர்வு, அதுவும் கேள்வித்தாளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டு நடத்தும் தேர்வு. மைதானத்தைச் சுற்றி ஓரத்தில் ஆங்கில எழுத்துகள் வைத்திருப்பார்கள்; எந்த எழுத்துக்கு நேராக என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், அரை மதிப்பெண்ணும் உண்டு. எனக்கு உறைக்காமல் போனது என்னவென்றால், பக்கவாட்டில் கால் மாற்றி மாற்றிப் போகும் ஹாஃப் பாஸுக்கும் 10, உள்ளே வந்து நின்று வணக்கம் வைப்பதற்கும் அதே 10. ஹாஃப் பாஸை நான் ஆறு வாரமும் தினமும் செய்தேன். ஹால்ட்டை, அதாவது நான்கு காலும் சதுரமாக அசையாமல் நிற்பதை, மொத்தமாகப் பத்துத் தடவை செய்திருந்தால் அதிகம். வாக் என்ற சாதாரண நடைக்குப் பெரும்பாலான தாள்களில் இரட்டை மதிப்பெண் வேறு. அதை நான் ஓய்வு நேரமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளை மனப்பாடம் செய்ய வேண்டும். உள்ளூர்ப் போட்டிகளில் வெளியே நின்று யாராவது வாசித்துக் காட்டிப் பழகியிருக்கலாம். சர்வதேசப் போட்டியில் அது கிடையாது. கிளம்புமுன் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கோலமாவால் 6 மீட்டருக்கு 2 மீட்டர் கோடு போட்டு, எழுத்துகளை எழுதி, நானே குதிரையாக ஓடினேன். அம்மா தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடுவராக உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு மாமி ஒரு வாரம் கழித்து, "பாப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தார். கேலி இருக்கட்டும், இந்த முறையை நான் இன்னும் சிபாரிசு செய்வேன். ஒன்றே ஒன்று: எழுத்துகளைச் சரியாக எழுதுங்கள். சின்ன மைதானத்தில் இ எழுத்தைத் தாண்டினால் அடுத்தது எச். பெரிய மைதானத்தில் நடுவில் எஸ் வரும். நான் கோலத்தில் எஸ் போட்டிருந்தேன். ஆனால் கால் எட்டு வருடமாக இ-யிலிருந்து எச்-சுக்குப் போய்ப் பழகிய கால்.

போட்டி நடக்கும் இடத்துக்கு வந்ததிலிருந்தே தேர்வு தொடங்கிவிடுகிறது. 2021-ல் ஸ்பெயினில் போட்டிக்கு வந்த குதிரைகளிடையே ஹெர்பிஸ் வைரஸ் பரவிய பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. தினம் இரண்டு வேளை குதிரையின் உடல் வெப்பம் எடுத்துப் பதிய வேண்டும், 38.5 டிகிரியைத் தாண்டினால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடிவாளத்தில் எண் அட்டை மாட்டாமல் குதிரையை வெளியே கொண்டுபோகக் கூடாது. கஃபீன் குதிரைக்குத் தடைசெய்த பொருள். நான் காபிக் கோப்பையோடு தாத்தாவின் அறைக்குள் போனபோது, அவனைப் பார்த்துக்கொள்ளும் குரூம் (நம் ஊரில் சைஸ் என்போமே, அவர்தான்) கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

இன்னொரு விதி எனக்குத் திகிலாக இருந்தது. குதிரை அந்த வளாகத்துக்குள் வந்த பிறகு என்னைத் தவிர யாரும் அதன்மேல் ஏறிப் பயிற்சி கொடுக்கக் கூடாது. லாயத்தில் இருக்கும்போது, குதிரை விறைப்பாக இருந்தால் பயிற்சியாளர் ஏறிப் பத்து நிமிடத்தில் இளக்கிக் கொடுத்துவிடுவார். அந்த இளகிய குதிரையில் ஏறி, நானே நன்றாக ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பிருந்தே "நீங்கள் ஏறாதீர்கள், கீழே நின்று சொல்லுங்கள்" என்று பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அசிங்கமாக ஓட்டும் நாள்கள் அப்போதே வந்து போகட்டும்.

போட்டிக்கு முதல் நாள் குதிரைப் பரிசோதனை. கெட்டியான தரையில் குதிரையைக் கையில் பிடித்து ஓட்டிக் காட்ட வேண்டும். நொண்டுகிறதா என்று மருத்துவரும் நடுவரும் பார்ப்பார்கள். குதிரையின் இடப்பக்கம் ஓடுங்கள், கடிவாள வாரைத் தளர்த்திப் பிடியுங்கள், கடைசியில் வலப்பக்கமாகத் திருப்புங்கள். அப்போதுதான் நீங்கள் மறைக்க மாட்டீர்கள். அழகாக இருக்க வேண்டும் என்று நான் புது லெதர் ஷூ போட்டுப் போனேன். திரும்பும்போது வழுக்கி ஒரு முழங்கால் தரையில். தாத்தா நின்று என்னைப் பார்த்தான். மறுபடி ஓடச் சொன்னார்கள், தேறினோம். அடிப்பகுதி ரப்பராக இருக்கும் ஷூ போதும்.

போட்டி நாள். வார்ம் அப் மைதானத்தில் பன்னிரண்டு பேர். எதிரே வருபவரை இடக்கைக்கு இடக்கை வைத்துக் கடக்க வேண்டும். நம் ஊரில் வண்டி ஓட்டும் மூளைக்கு இது நேர் தலைகீழ். இரண்டு நாள் முன்பே லாயத்தில் பழகியிருந்தும் ஒருமுறை மோதப் பார்த்தேன். என் முறை வந்தபோது சாட்டையோடு நுழைவாயிலை நோக்கிப் போனேன்; வார்ம் அப்பில் வைத்துக்கொள்ளலாம், உள்ளே கூடாது. விதிகளைக் கவனிக்கும் ஸ்டீவர்ட் அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷி.

மணி அடித்ததும் 45 விநாடிக்குள் ஏ வழியாக நுழைய வேண்டும். மணி அடித்தபோது நான் மறுகோடியில், சி எழுத்தருகே உட்காரும் நடுவரின் பெட்டிக்குப் பின்னால் இருந்தேன். பதறிப்போய் கேண்டரில், அதாவது பாய்ச்சல் ஓட்டத்தில், விரட்டினேன். தாத்தா சூடாகி, உள்ளே வந்து நிற்கவே மறுத்தான். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண டிராட்டில், அதாவது மெதுவோட்டத்தில், நிமிடத்துக்கு 220 மீட்டர். மறுகோடியிலிருந்து வெளியே சுற்றி வந்தாலும் 90 மீட்டருக்கு மேல் போகாது. 25 விநாடி! மீதி 20 விநாடி மூச்சு விடுவதற்கு. இதை லாயத்தில் கடிகாரம் வைத்து ஓட்டிப் பாருங்கள். உடம்புக்கு 45 விநாடி எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிட்டால் மணிச் சத்தம் பயமுறுத்தாது.

அப்புறம் அந்தத் தவறு. எஸ்-ஸில் வளைய வேண்டியவள் எச் வரை போய்விட்டேன். மணி அடித்தது. சி நடுவர் பொறுமையாக எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னார். இளையோர் பிரிவில் முதல் தவறுக்கு மொத்த சதவீதத்திலிருந்து அரைப் புள்ளி கழியும், இரண்டாவதுக்கு ஒரு புள்ளி, மூன்றாவது என்றால் வெளியே. அரைப் புள்ளி பெரிய விஷயம் இல்லை. அந்த வெட்கத்தில் அடுத்த நான்கு வரிகளை நான் ஓட்டவே இல்லை, தாத்தா தானாகப் போனான். போன மதிப்பெண் அங்கேதான்.

59.8 சதவீதம். உள்ளூரில் 67, 68 வாங்கிக்கொண்டிருந்தவள். லாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். அப்போது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு எண்: பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் டிரெஸ்ஸாஜ் வீரராக இறங்கிய அனுஷ் அகர்வாலா பெற்றது 66.444. அதே அனுஷ் ஹாங்சோவில் தனிநபர் வெண்கலம் வாங்கியது 73.030-க்கு. அது இசையோடு ஓட்டும் ஃப்ரீஸ்டைல், தாளும் ஒலிம்பிக் தாளைவிட எளிது. தாள் மாறினால், நடுவர் மாறினால், சுற்றி ஓட்டுபவர்கள் மாறினால் எண்ணும் மாறும். வீட்டு எண்ணை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

சாயங்காலம் மதிப்பெண் தாள்கள் கைக்கு வந்தன. இதை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். மூன்று நடுவர்களின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். என் ஹால்ட்டுக்கு சி நடுவர் 4.5, பக்கவாட்டில் இ-யில் இருந்தவர் 6. அநியாயம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் சி-யிலிருந்து பார்ப்பவருக்குக் குதிரை நேர் எதிரே வருகிறது. கோணலாக நின்றால் அவருக்குத்தான் தெரியும். பக்கவாட்டில் இருப்பவருக்குக் கோணல் தெரியாது, பின்னங்கால் ஒன்று பின்தங்கினால் தெரியும். டிராட்டை நீட்டி ஓட்டிய வரியில் இது தலைகீழ்: சி 6.5, இ 5.5. ஆகவே என் ஹால்ட்டில் குறை கோணல், நீட்டலில் குறை பின்னங்கால். இரண்டு தாளின் வித்தியாசம் எனக்குச் சொன்னதை ஆறு வாரம் கண்ணாடி முன் ஓட்டியும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வார்ம் அப்பில் ஹாஃப் பாஸ் ஒன்றுகூடச் செய்யவில்லை. இருபது நிமிடம் வாக், ஹால்ட், வாக், ஹால்ட். பயிற்சியாளர் வேலியில் சாய்ந்துகொண்டு கேலியாகப் பார்த்தார். மணி அடித்தபோது மறுபடியும் மறுகோடியில்தான் இருந்தேன். டிராட்டிலேயே சுற்றி வந்தேன். உள்ளே நுழைந்து, நின்று, வார்களை ஒரு கையில் எடுத்துத் தலை தாழ்த்தியபோது தாத்தா காதைக்கூட ஆட்டவில்லை. மூன்று பேரும் 7 போட்டிருந்தார்கள். மொத்தம் 62.1. எஸ்-ஸில் சரியாக வளைந்தேன், அதைக் கடக்கும்போது சத்தமாகவே "எஸ்" என்று சொல்லிவிட்டேன்; நல்லவேளை, தமிழ்நாட்டுப் பொண்ணு குதிரையோடு ஏதோ பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.