பரண்ல இருந்து இறங்குன பிளாப்பிங்க – என் நாட்குறிப்பு

2024 அக்டோபர் 20, ஞாயிறு

போன வாரம் பேஞ்ச மழையில பரண்ல ஒரு மூலை ஈரமாயிடுச்சு, தீபாவளிக்கு இன்னும் பதினோரு நாள் தான் இருக்கு, வீட்டம்மா காலையிலயே ஸ்டூலை போட்டு என்னை ஏத்தி விட்டுட்டாங்க. பழைய பித்தளை அண்டா, கொலுப்படி பலகை, அதுக்குப் பின்னாடி ஒரு பிஸ்கட் டின். திறந்து பாத்தா பத்து பன்னெண்டு பிளாப்பி, அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் பைலை சேமிச்சு வைக்கற காந்தத் தட்டு, எல்லாம் மூணரை இன்ச். அதுல ரெண்டு மேல மட்டும் என் கையெழுத்துல "அப்பா சொன்னது 1", "அப்பா சொன்னது 2".

அப்படியே ஸ்டூல் மேலயே நின்னுட்டேன். 1998ல அப்பாவை பக்கத்துல உக்கார வச்சு அவர் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணது. அப்பா தந்தி ஆபீஸ்ல இருந்தவர், மோர்ஸ் சாவி தட்டின கை. 2001ல போயிட்டார். ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி இருந்துச்சு, அந்த கம்ப்யூட்டர் செத்தப்போ அதோட போச்சு. பிளாப்பி இருக்குன்னு நினைப்பே இல்ல எனக்கு.

"ஏங்க, இறங்குங்க, காபி ஆறுது"ன்னு குரல் வந்த பிறகு தான் இறங்கினேன்.

2024 அக்டோபர் 21, திங்கள்

வீட்ல இருக்கற எந்த கம்ப்யூட்டர்லயும் பிளாப்பி டிரைவ் கிடையாது. சென்னையில கம்ப்யூட்டர் சாமான் கடையா இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் நாலு கடையில பையனுங்க பிளாப்பியை கையில வாங்கி திருப்பி திருப்பி பாத்தானுங்க, அஞ்சாவது கடையில தான் யுஎஸ்பில சொருகற டிரைவ் ஒண்ணு கிடைச்சுது.

ஆனா உடனே போடல. ஷட்டரை நகத்திப் பாத்தா தட்டுல வெள்ளை வெள்ளையா பூஞ்சை. சென்னை ஈரக்காத்துக்கு இது வரும். அப்படியே போட்டா டிரைவ் ஹெட்டு பூஞ்சையோட சேத்து காந்தப் பூச்சையும் சுரண்டி எடுத்துடும், அப்புறம் எந்த சாமியாலயும் படிக்க முடியாது. பார்மசியில ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வாங்கிட்டு வந்து, காது குடையற பஞ்சுக் குச்சியில தொட்டு, தட்டை கொஞ்சம் கொஞ்சமா சுத்தி ரெண்டு பக்கமும் துடைச்சேன். ஒரு பிளாப்பிக்கு ஒரு மணி நேரம். எழுபது வயசு கை நடுங்கக் கூடாதேன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு தான் செஞ்சேன்.

1977ல நான் வேலைக்குச் சேந்தப்போ எங்க கம்பெனியில இருந்தது ஐபிஎம் 1401 கம்ப்யூட்டர். அதுக்கு மெமரி அதிகபட்சமே 16 ஆயிரம் எழுத்து தான், அதுல மொத்த ஆளுங்களோட சம்பளக் கணக்கும் போடுவோம். எல்லாம் பஞ்ச் கார்டு, எழுத்தை ஓட்டையா போட்டு வைக்கற அட்டை, ஒரு கார்டுக்கு 80 காலம் (column), அதாவது 80 எழுத்துக்கு இடம். கார்டு கட்டோட மேல் விளிம்புல மார்க்கரால குறுக்கா ஒரு கோடு இழுத்து வைப்போம், கட்டு சரிஞ்சு விழுந்தா அந்தக் கோட்டை வச்சு தான் வரிசை புரியும். கார்டுல பூஞ்சை பிடிச்சாலும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஓட்டையை எண்ணி என்ன எழுத்துன்னு கண்ணாலயே சொல்லிடலாம், பிளாப்பியில அது நடக்காது. அடுத்த வருஷமே, 1978ல, ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போயிடுச்சு. மிஷின் எங்ககிட்டயே இருந்துச்சு, ரிப்பேர் பாக்கற வேலையை சிஎம்சிங்கற அரசாங்கக் கம்பெனி எடுத்துக்கிச்சு. ஒரு மிஷினை செஞ்சவனே நாட்டை விட்டுப் போவான்னு எனக்கு 24 வயசுலயே தெரிஞ்சு போச்சு.

2024 அக்டோபர் 24, வியாழன்

முதல் பிளாப்பி முழுசா வந்துடுச்சு! லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூங்கற, கெட்டுப்போன தட்டுல இருந்து முடிஞ்சதை மீட்கற புரோகிராமைப் போட்டு மொத்த தட்டையும் ஒரே இமேஜா, அப்படியே ஒரு நகலா எடுத்தேன், 80 டிராக் (வட்டப் பாதை), ரெண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர் (சின்னத் துண்டு), செக்டருக்கு 512 பைட், மொத்தம் 14,74,560 பைட், ஒண்ணு குறையல. ரெண்டாவது பிளாப்பி ராத்திரி பூரா ஓடுச்சு, திரும்பத் திரும்ப தட்டிப் பாத்துச்சு, 2880 செக்டர்ல 31 வரவே இல்ல. அந்த 31 எங்க இருக்குன்னு இன்னும் பாக்கல. பாக்க தைரியம் இல்ல இன்னிக்கு.

2024 அக்டோபர் 25, வெள்ளி

பைலைத் திறந்தேன். தமிழே இல்ல. தலைக்கு மேல புள்ளி, கோடு, தொப்பி வச்ச ஐரோப்பிய எழுத்தா வரிவரியா ஓடுது.

எதிர்பாத்தது தான். 1998ல யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடு) தமிழ் இருந்துச்சு, ஆனா வீட்ல இருந்த விண்டோஸ் 95ல அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அதனால ஆளாளுக்கு ஒரு பாண்ட் (எழுத்துரு), ஒவ்வொரு பாண்டுக்கும் ஒரு எழுத்து அட்டவணை. ஒருத்தர் க வச்ச இடத்துல இன்னொருத்தர் ம வச்சிருப்பார். இதை ஒழுங்கு பண்ணத்தான் 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்துச்சு, அதுல இருந்து தான் டாம், டாப் குறியீடும் தமிழ்99 விசைப்பலகையும் வந்துச்சு. இன்னொரு பக்கம் டிஸ்கிங்கற வேற தமிழ்க் குறியீடு இருந்துச்சு. நான் பயன்படுத்தினது இது எதுவுமே இல்ல, டைப்ரைட்டர் விசை தெரிஞ்சவங்களுக்காக யாரோ செஞ்ச பாண்ட். அந்த பாண்ட் பைலை பிளாப்பியில சேத்து வைக்கணும்னு அன்னிக்கு எனக்குத் தோணல. இருபது வருஷத்துக்கு மேல இந்தத் தொழில்ல இருந்த ஆளு நான். எனக்கே தோணலங்கறது தான் வலிக்குது.

சரி, அட்டவணை இல்லன்னா நாமளே கட்ட வேண்டியது தான். அதிகமா வர்ற குறி எதுன்னு பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதி எண்ணிப் பாத்தேன். அப்புறம் அப்பா முதல் வாக்கியத்துல சொந்த ஊர் பேரைச் சொன்னது நினைவு இருக்கு, விழுப்புரம். வி, ழு, ப், பு, ர, ம். அதுல இருந்து முதல் சில குறி கிடைச்சுது. அதை வச்சு அடுத்த வார்த்தை, அதை வச்சு அடுத்தது. மதியம் சாப்பாடு மறந்துட்டேன்.

2024 அக்டோபர் 27, ஞாயிறு

பேத்தி வந்திருந்தா, காலேஜ்ல கம்ப்யூட்டர் தான் படிக்கிறா. "தாத்தா, இது சும்மா பைண்ட் அண்ட் ரீப்ளேஸ் தானே?"ன்னா. இல்லம்மான்னு உக்கார வச்சு காமிச்சேன். பழைய பாண்ட் எல்லாம் கண்ணுக்குத் தெரியற வரிசையில சேமிக்கும். கொ-ன்னு எழுத முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட்ல முதல்ல க, அப்புறம் தான் ஒகரக் குறி. அதனால கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னாடி போடணும், காலும் இருந்தா ரெண்டையும் ஒண்ணாக்கணும். கு, கூ மாதிரி உகர எழுத்தெல்லாம் தனித்தனி உருவம், அதுக்கு தனித்தனியா இடம். 247 எழுத்தை 256 இடத்துல, அதுவும் பாதி இங்கிலீஷுக்குப் போக மிச்சத்துல எப்படி அடைச்சிருக்காங்க பாருன்னேன், அவ கண்ணு விரிஞ்சுது.

பெரிய வம்பு ஔகாரத்துல. கௌ-ல க-வுக்குப் பின்னாடி வர்ற குறியும் ள-வும் இந்த பாண்ட்ல ஒரே உருவம். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணு தான். அதனால நான் எழுதின புரோகிராம் "வெளிச்சம்" எல்லாத்தையும் "வௌிச்சம்" ஆக்கிடுச்சு. இந்தத் தப்பை நெட்ல எத்தனையோ தளத்துல இன்னிக்கும் பாக்கலாம், "வௌியீடு"ன்னு நிக்கும், யாரோ ஒருத்தர் பழைய பாண்ட்ல இருந்து அவசரமா மாத்தினதோட தழும்பு அது. பேத்தி தான் வழி சொன்னா, அடுத்த குறி இகரமோ புள்ளியோ மாதிரி துணைக்குறியா இருந்தா அது ள தான்னு வச்சுக்கலாம்னு. சரியான யோசனை. ஆனா அப்பா விளக்கை "வெளக்கு"ன்னு தான் சொல்வார், நானும் அப்படியே அடிச்சிருக்கேன், அங்க ள-வுக்கு அடுத்து க வருது. அந்த மாதிரி இடத்தை எல்லாம் ரெண்டு பேரும் ஒவ்வொண்ணா கண்ணால பாத்துத் திருத்தினோம்.

2000ஆம் வருஷம் பிறக்கறப்போ கம்ப்யூட்டர் தேதியில குழம்பக் கூடாதுன்னு செஞ்ச ஒய்2கே வேலை இப்படித்தான் இருந்துச்சு. 80 காலம் கார்டுல இடத்தை மிச்சம் பிடிக்க வருஷத்துக்கு ரெண்டே காலம் ஒதுக்கினோம், அந்தப் பழக்கம் கார்டு போன பிறகும் கோபால்ங்கற (COBOL) கம்ப்யூட்டர் மொழியில எழுதின புரோகிராம்ல அப்படியே இருந்துச்சு. 1999 பூரா நான் உக்காந்து தேடினது என் கையாலயே எழுதின அந்த ரெண்டு காலத்தைத் தான்.

2024 அக்டோபர் 30, புதன்

நாளைக்கு தீபாவளி. முதல் பைலை முழுசா படிச்சுட்டேன். வாழ்த்துத் தந்திக்கெல்லாம் நம்பர் உண்டு, தீபாவளி வாழ்த்துக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு, நம்பரை மட்டும் தட்டினா போதும், அந்தப் பக்கம் இருக்கறவர் முழு வாக்கியமா எழுதிக் குடுப்பார்னு அப்பா சொல்லியிருக்கார். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டுக்கே வர முடியாதாம். தந்தி சேவையே 2013 ஜூலையில நின்னு போச்சு, அதைப் பாக்க அவர் இல்ல.

ரெண்டாவது பைல்ல அந்த 31 செக்டர் எங்க போச்சுன்னு இன்னிக்கு தைரியமா பாத்தேன். 1964 டிசம்பர், தனுஷ்கோடி புயல். அப்ப நாங்க ராமநாதபுரத்துல இருந்தோம், எனக்கு பத்து வயசு, ரெண்டு நாள் அப்பா வீட்டுக்கு வரலங்கறது மட்டும் தான் எனக்கு நினைவு. பைல்ல "22ஆம் தேதி ராத்திரி நான் தான் டூட்டி, காத்து ஓட்டைப் பிச்சு"ன்னு வாக்கியம் பாதியில நிக்குது. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. திரும்ப ஆரம்பிக்கறப்போ மதுரைக்கு மாத்தலாகிப் போனதைச் சொல்லிக்கிட்டிருக்கார்.

டைப் பண்ணது நானே தான். ஆனா ஒரு வரி கூட நினைவுக்கு வரல. டைப் அடிக்கிறவன் காது விரலுக்குப் போயிடும், மனசுக்குப் போகாது.

2024 நவம்பர் 2, சனி

திருச்சியில இருக்கற அக்காவுக்கு போன் பண்ணேன். அப்பா அதைச் சொன்ன அன்னிக்கு அக்கா வந்திருந்தாங்க, பின்னாடி உக்காந்து பூ கட்டிக்கிட்டிருந்தாங்க. 73 வயசு, மறந்திருப்பாங்கன்னு தான் நினைச்சேன். "ஏன்டா தம்பி, அதை எப்படிடா மறப்பேன்"னு ஆரம்பிச்சாங்க. நான் ஸ்பீக்கரைப் போட்டுட்டு கீபோர்டை இழுத்துக்கிட்டேன்.

பாம்பன் பக்கம் இருந்து சத்தம் விட்டு விட்டு வந்துச்சாம், அப்பா திரும்பத் திரும்ப கூப்பிட்டுக்கிட்டே இருந்தாராம், விடியற வரைக்கும் சாவியை விட்டு கையை எடுக்கலயாம். அந்த ராத்திரி தான் தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலை கடல் அடிச்சுக்கிட்டுப் போனது, அது அப்பாவுக்கு அப்பத் தெரியாது.

அக்கா நிறுத்தினாங்க. "எங்க, எழுதினதைப் படி"ன்னாங்க. படிச்சேன். "நடுராத்திரிக்கு மேல லைன் கட் ஆயிடுச்சு"ன்னு ஒரு இடத்துல வந்ததும், "இல்லடா, அப்பா அப்படிச் சொல்லல"ன்னாங்க. "கம்பி ஊமையாயிடுச்சுன்னு தான் சொன்னார்."

மாத்திட்டேன்.