கிரப்பில் வேலை செய்த கீபோர்டு, பாஸ்வேர்டு கேட்டதும் செத்துப்போனது

பழைய லேப்டாப் இனி ஓடாது என்றான பிறகு, அதிலிருந்த எஸ்எஸ்டியைக் கழற்றிப் புது டெஸ்க்டாப்பில் மாட்டினேன். அதில் இருந்தது ஆர்ச் லினக்ஸ், பூட் பார்ட்டிஷனைத் தவிர மற்றதெல்லாம் லக்ஸ் என்கிரிப்ஷன், அதாவது பாஸ்வேர்டு கொடுத்தால்தான் டிஸ்க் திறக்கும். லினக்ஸை ஏற்றிவிடும் பூட் லோடரான கிரப்பின் மெனு வந்தது, யூஎஸ்பி கீபோர்டின் அம்புக்குறிக்கு ஒழுங்காக நகர்ந்தது, என்டர் தட்டினேன், பாஸ்வேர்டு கேட்கும் வரி வந்தது, அதோடு சரி. அந்த இடத்தில் தட்டுவது எதுவும் திரையில் தெரியாது என்பதால், கீபோர்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை.

போர்ட்டை மாற்றினேன், வேறு கீபோர்டு கடன் வாங்கினேன், பயாஸில் எக்ஸ்எச்சிஐ (யூஎஸ்பி 3.0 கண்ட்ரோலர் வகை) ஹேண்ட்ஆஃப், லெகசி யூஎஸ்பி இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தேன். ஒரு மாலை முழுக்கப் போனது. கிரப்பில் ஓடுகிறதே, அப்படியானால் யூஎஸ்பி கண்ட்ரோலர் பிரச்சினை இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டதுதான் என்னைச் சுற்றவிட்டது. கிரப் வரைக்கும் கீபோர்டை ஓட்டுவது மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருளான யூஇஎஃப்ஐ. லினக்ஸின் மையமான கெர்னல் ஏறியதும் கண்ட்ரோலரை அதன் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அப்புறம் கெர்னலின் சொந்த டிரைவர் வந்தால்தான் உண்டு.

அந்த டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்-க்குள், அதாவது டிஸ்க் திறக்கும் முன் கெர்னலோடு ஏறும் சின்ன இமேஜுக்குள், இருக்கிறதா? இந்தக் கேள்வி தோன்றிய பிறகுதான் கிரப்பில் ஃபால்பேக் இமேஜை, அதாவது எல்லா டிரைவர்களையும் கழிக்காமல் வைத்திருக்கும் மாற்று இமேஜை, தேர்ந்தெடுத்தேன். கேப்ஸ் லாக் எரிந்தது! உள்ளே போனதும் எல்எஸ்இனிட்சிபியோ கட்டளையால் வழக்கமான இமேஜின் கோப்புப் பட்டியலை எடுத்து எக்ஸ்எச்சிஐ என்று தேடினேன், ஒரு வரி இல்லை. ஃபால்பேக் இமேஜில் இருந்தது.

காரணம், இந்த இமேஜைக் கட்டும் கருவியான எம்கேஇனிட்சிபியோவின் ஆட்டோடிடெக்ட் ஹூக் (கட்டும்போது ஓடும் ஒரு படி). இமேஜ் கட்டும் நேரத்தில் அந்த மெஷினில் இருக்கும் ஹார்டுவேருக்கு வேண்டிய மாட்யூல்களை (டிரைவர்களை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். இன்டெல் தன் சிப்செட்டிலேயே யூஎஸ்பி 3.0 கண்ட்ரோலரைச் சேர்த்தது 2012-ல் வந்த 7 சீரிஸிலிருந்துதான். என் லேப்டாப் அதற்கு முந்தையது, அதில் இருந்தது யூஎஸ்பி 2.0-க்கான இஎச்சிஐ மட்டும். அதன் கீபோர்டோ யூஎஸ்பி அல்ல, பழைய பிஎஸ்/2 வழி. டிஸ்க் மட்டும் இரண்டிலும் ஏஎச்சிஐ (சாட்டா டிஸ்க்குக்கான கண்ட்ரோலர் வகை) என்பதால் தடையில்லாமல் கிடைத்தது, பாஸ்வேர்டு வரியும் வந்து நின்றது.

இமேஜைப் புது மெஷினில் மறுபடி கட்டினாலே இது சரியாகிவிடும். ஆனால் நாளைக்கு டிஸ்க் இன்னொரு மெஷினுக்குப் போனால் அதே கதைதான். அதனால் எம்கேஇனிட்சிபியோவின் கான்ஃபிக் கோப்பில், ஹூக்ஸ் வரியில் கீபோர்டு என்பதை ஆட்டோடிடெக்டுக்கு முன்னால் நகர்த்தினேன். அப்படி வைத்தால் கீபோர்டு சம்பந்தப்பட்ட டிரைவர்கள் கழிபடாது. எல்லா இமேஜையும் மறுபடி கட்ட எம்கேஇனிட்சிபியோவைப் பெரிய பி (-P) ஆப்ஷனோடு ஓட்டிவிட்டு, ரீபூட் செய்வதற்கு முன் பட்டியலை இன்னொரு முறை பார்த்தேன். எக்ஸ்எச்சிஐ பிசிஐ மாட்யூல் இருந்தது. வழக்கமான இமேஜிலேயே பூட் செய்து பாஸ்வேர்டைத் தட்டினேன், டிஸ்க் திறந்தது.