ஏடுகள் மீண்ட வழியில் ஒரு யாத்திரை

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற சாலையில் ஒரு காலைப்பொழுது இருந்தால் போதும். தமிழ் மறைகள் இரண்டையும் மீட்டுத் தந்த ஊர்களைக் கும்பிட்டுவிடலாம். சைவர்களின் தேவாரத்துக்குத் திருநாரையூர், ஆழ்வார்கள் பாடிய திவ்வியப் பிரபந்தத்துக்குக் காட்டுமன்னார்கோயில். வீட்டில் தினமும் படிக்கிற இரண்டு புத்தகங்களையும் பையில் எடுத்துக்கொண்டேன். அந்தச் சந்நிதிகளில் வைத்து வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

குமராட்சி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் திருநாரையூர். சௌந்தரேஸ்வரரை வணங்கிவிட்டுப் பொள்ளாப் பிள்ளையார் முன்னால் வந்து நின்றேன். உளி படாத திருமேனி. அப்பா ஊருக்குப் போயிருந்த நாளில் பூசை செய்ய வந்த சிறுவன் நம்பி, நைவேத்தியத்தைச் சாப்பிடச் சொல்லி அழுதது இவரிடம்தான். அந்தப் பிள்ளைதான் பிறகு நம்பியாண்டார் நம்பி. தேவார ஏடுகள் எங்கே என்று சோழ மன்னன் தேடி வந்தபோது, தில்லைக் கோயிலில் பூட்டிய அறைக்குள் இருப்பதை நம்பிக்குச் சொன்னவர் இந்தப் பிள்ளையார். அந்த மன்னன் ராஜராஜன் என்பது வழக்கு.

தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் வந்தால்தான் கதவைத் திறப்போம் என்றார்கள் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கொண்டுவந்து நிறுத்தினான். உள்ளே பார்த்தால் ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. மன்னன் கலங்கினான். இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று அசரீரி எழுந்ததாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். நாம் பாடுகிற ஒவ்வொரு பதிகமும் கரையானுக்குத் தப்பியது!

ஏடு கிடைத்தும் பண் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டு பண் வகுத்தார்கள். அந்த அம்மையாரை நாம் இன்னும் அதிகம் நினைக்க வேண்டும்.

குருக்கள் புத்தகத்தை வாங்கிப் பிள்ளையார் பாதத்தில் வைத்துக் கொடுத்தார். “சும்மா கொண்டுபோகாதீங்க, இங்கேயே ஒரு பதிகம் படிச்சுட்டுப் போங்க” என்றார். சம்பந்தர் இந்த ஊருக்கே பாடிய ‘உரையினில் வந்த பாவம்’ பதிகத்தைச் சந்நிதியில் நின்றபடி படித்தேன். பக்கத்தில் அறுகம்புல் மாலையோடு நின்ற ஒரு பாட்டி ஒவ்வொரு பாட்டு முடிவிலும் “சிவ சிவா” என்றார்.

அப்புறம் பஸ் பிடித்துக் காட்டுமன்னார்கோயில். பழைய பெயர் வீரநாராயணபுரம், வீராணம் ஏரிக்கும் அந்தப் பெயர்தான். பெருமாள் வீரநாராயணர். பிரபந்தத்தை மீட்ட வைணவ ஆசாரியர் நாதமுனிகள் அவதரித்த ஊர் இது. இந்தச் சந்நிதியில்தான் யாத்திரிகர்கள் சிலர் ‘ஆராவமுதே’ என்று தொடங்கும் நம்மாழ்வார் பாசுரங்களைச் சேவித்தார்களாம். கடைசிப் பாசுரத்தில் ‘ஆயிரத்துள் இப்பத்தும்’ என்று வந்ததும் நாதமுனிகள் மற்றவை எங்கே என்று கேட்டார். இந்தப் பத்துதான் தெரியும் என்றார்கள் அவர்கள்.

நாமாக இருந்தால் பத்து கிடைத்ததே என்று திருப்திப்பட்டிருப்போம். அவரால் முடியவில்லை. குடந்தை (கும்பகோணம்) போய், அங்கிருந்து நம்மாழ்வாரின் ஊரான குருகூர் போய், அவருடைய சீடர் மதுரகவியின் ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ பதினொரு பாசுரங்களைப் பன்னீராயிரம் முறை சொன்னார். ஆயிரம் கேட்டவருக்கு நம்மாழ்வார் நாலாயிரத்தையும் அருளினார். திரும்பி வந்து இசை அமைத்து மருமக்கள் இருவருக்கும் கற்பித்தார். இன்று நம் பெருமாள் கோயில்களில் கேட்கிற சேவாகாலத்துக்கு, அதாவது பிரபந்தம் ஓதுவதற்கு, வேர் இந்த ஊர். அவர் பேரர் ஆளவந்தாரும் இங்கே பிறந்தவர்தான்.

பட்டாச்சாரியார் பிரபந்தப் புத்தகத்தின் மேல் துளசி வைத்துக் கொடுத்து, “ஆனி அனுஷம் நாதமுனிகள் திருநட்சத்திரம், அப்போ வாங்கோ, கோஷ்டியில சேர்ந்துண்டு சேவிக்கலாம்” என்றார். போகிறவர்கள் சிதம்பரத்தில் நடராஜரைத் தரிசித்துவிட்டுக் காலையிலேயே கிளம்புங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். படித்துத் தேய்ந்த உங்கள் சொந்தப் புத்தகத்தையே கொண்டுபோங்கள்.