தேரி மணலில் முதல் காலடி

திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டில் நிச்சயதார்த்த ஷூட் வேண்டும் என்று யாராவது வந்தால், முதலில் புடவை என்ன நிறம் என்றுதான் கேட்பேன். அரக்கு என்றால் மாற்றச் சொல்லிவிடுவேன். குதிரைமொழித் தேரியின் மண்ணே அந்த நிறம்தான். மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்து வந்த சிவப்பு. பெண் அதற்குள் கரைந்துபோவாள். மயில் நீலமும் இலைப்பச்சையும் எடுப்பாக நிற்கும். வெள்ளை வேட்டியும் அழகுதான், ஆனால் மண்ணில் பட்டு மேலே தெறிக்கும் வெளிச்சம் வேட்டியின் கீழ்ப்பாதியையும் தாடைக்கு அடியையும் சிவக்க வைக்கும். நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டால், அது அந்தச் சிவப்பைக் குறைக்கப் பார்த்து முகத்தை வெளிறடித்துவிடும். நான் பகல் வெளிச்சத்துக்கான 5200 கெல்வினில் நிறுத்திக்கொள்வேன்.

அப்புறம் மாதம். ஆனி, ஆடியில் கூடவே கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுதான் காலங்காலமாக இந்த மண்ணைக் கொண்டுவந்து குவித்தது என்பார்கள். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு குடும்பத்தின் அவசரத்துக்காக ஆடியில் போனேன். இருபது நிமிடத்தில் ஜூம் வளையம் நறநறவென்றது. அந்தப் பெண் கண் திறக்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். லென்ஸைச் சரிசெய்துவிட்டேன். அந்த நாளை அவர்களுக்குத் திருப்பித் தர முடியவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது. இப்போது தை, மாசி மட்டும்தான். இரண்டு கேமராக்களில் ஆளுக்கொரு லென்ஸ், மணலில் நின்று எதையும் கழற்றுவதில்லை. வனத்துறை அனுமதியும் முன்கூட்டியே வாங்கிவிடுவேன்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், ஒரு காலடி போதும் எல்லாம் கெட. காற்று இரவெல்லாம் வரிவரியாக நெய்து வைத்த மணல்மேல் நாம் நடந்துவிட்டால், அதை அழித்துத் திரும்பப் போட வழியில்லை. போன தை மாதம் ஒரு ஜோடியோடு விடிவதற்கு முன்பே போயிருந்தோம். பெண்ணின் தம்பியும் கூட வந்திருந்தான். வழியில் பார்த்த பனையேறி அண்ணாச்சி ஒருவர், "தம்பி, மேக்காத்து அடிக்கிற பக்கமா ஏறுங்க, மண்ணு இறுகிக் கெடக்கும். கெழக்குப் பக்கம் கால் உள்ள வாங்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் திட்டமே மாறியது. இருவரையும் மேற்கே சுற்றி ஏறச் சொன்னேன். ஏறிய தடம் என் பக்கம் தெரியாது. நான் கிழக்கே, வடலிப் பனங்கன்றுகளுக்குப் பக்கத்தில், நூறடி தள்ளி, தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-200 லென்ஸோடு நின்றேன்.

6:40க்குச் சூரியன் வந்தது. ஒவ்வொரு மணல் வரிக்கும் தனி நிழல். மேட்டின் உச்சியில் இருவரும் கைக்கட்டி நின்றார்கள். அதுவரை இரண்டே முறை நேரில் பேசிக்கொண்டவர்கள். முந்தானை வளையலில் மாட்டித் திருகிக் கிடந்தது. வேறு இடமாக இருந்தால் நானே ஓடிப்போய் "அம்மா, இப்படி விடுங்க" என்று சொல்லியிருப்பேன். இங்கே ஓடினால் சரிவு போய்விடும்.

பேசாமல் இருந்தேன். மாப்பிள்ளை அதைக் கவனித்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் தலையாட்டிக் கையை நீட்டினாள். நகத்தால் ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டார். அதில் ஒரு நிமிடம் போனது. அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவர் முகத்தை. நான் சொல்லிக்கொடுத்து ஒருநாளும் வராத பார்வை அது.

"அண்ணே, என்ன பேசுறாங்க?" என்றான் தம்பி.

"தெரியலையே" என்றேன். அவனுக்குச் சரிவில் ஓட ஆசை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே நின்றான். எட்டு மணிக்கு வரிகளின் நிழல் மறைந்து மணல் தட்டையானதும், "இப்ப ஓடு" என்றேன். முழங்கால் புதையப் புதைய, சரிவு முழுக்கத் தடம் போட்டுக்கொண்டு அக்காவிடம் ஏறினான்.